பழைய மின்கிற்றாரின் மேற்பூச்சு: வாசகர் கேள்வி பதில்

கிற்றார்த் தந்திகள் உப்புக்காற்றில் துருப்பிடிப்பது பற்றிச் சென்ற முறை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை தந்தியை விட்டுவிட்டு உடலின் பூச்சைப் பற்றிக் கேட்கின்றன. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த அத்தகைய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காலஞ்சென்ற என் பெரியப்பா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் திருவிழா மேடைகளிலும் கலியாண வீடுகளிலும் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுவில் மஞ்சள், அடுத்துச் சிவப்பு, ஓரத்தில் கறுப்பு நிறம். வலக்கை படும் மேல் ஓரத்தில் பூச்சு முழுவதும் போய் மரம் தெரிகிறது. அந்த மரமும் கறுத்துவிட்டது. பின்பக்கம் ஒரே கீறல். தெரிந்த ஓடாவியார் ஒருவர் அரத்தாள் போட்டுத் தேய்த்து இரண்டு நாளில் புதிதாக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (கல்லடி வாசகர்)

கொடுக்க வேண்டாம். ஓடாவியாரின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரத்தாள் பட்டபின் திரும்பி வராத ஒன்றை அவர் அறியாமலே எடுத்துவிடுவார் என்பதே என் கவலை.

முதலில் அது எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டின் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை மெதுவாகத் தூக்கினால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடியில் உள்ள உலோகப் பாகங்களில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1376522 என்று இருந்தால் 137 என்பது அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தின் குறியீடு, 65 என்பது 1965ஆம் ஆண்டு, 22 என்பது அந்த ஆண்டின் இருபத்திரண்டாவது வாரம். கிற்றார் அதற்குப் பிறகுதான் பூட்டப்பட்டிருக்க முடியும். அந்தக் காலத்துக் கிற்றார் என்று உறுதியானால், மூலப் பூச்சை அகற்றி மறுபூச்சு இட்டதும் அதன் விலை ஏறக்குறையப் பாதியாக விழும் என்பதே பழைய கிற்றார்களை வாங்கி விற்போரிடையே நிலவும் பொதுவான கணக்கு. விற்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், உங்கள் பெரியப்பாவின் கை எப்படி அசைந்தது என்பதற்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் தடயம் அந்தத் தேய்மானந்தான்.

அது எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அக்காலத்தில் ஃபெண்டர், கிப்சன் ஆகிய கிற்றார் நிறுவனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தியது நைட்ரோசெலுலோஸ் லக்கர். 1920களில் டூப்பொன்ட் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்கென்று சந்தைக்குக் கொண்டுவந்த பூச்சு வகையைச் சேர்ந்தது அது. இன்று கடைகளில் விற்கும் நகப்பூச்சின் அடிப்படைப் பொருளும் இதுவே என்று சொன்னால் அதன் குணம் விளங்கும்: கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கிறது, காய்ந்த பின்னும் அதே கரைப்பான் பட்டால் மறுபடி கரைகிறது. ஆகவே மேலே அடிக்கும் ஒவ்வொரு பூச்சும் கீழே உள்ளதை இளக்கி அதனுடன் ஒன்றாகிவிடும். எல்லாம் காய்ந்து முடிந்தபின் மொத்தத் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கை ஒட்டியே இருக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஒரு மனிதக் கை உரசினால் அது தாக்குப்பிடிக்காது.

உங்களிடம் உள்ள வகையில் மரத்துக்கு முதலில் மஞ்சட் சாயம் ஊட்டி, மரத்துளைகளை அடைக்கும் பூச்சை இட்டு, ஓரங்களில் கறுப்பையும் இடையில் சிவப்பையும் தூவி, கடைசியில் நிறமற்ற லக்கரால் மூடுவார்கள். தேய்மானம் இதைத் தலைகீழாகத் திரும்பப் படிக்கிறது. முதலில் முழங்கையை அடுத்த கைப்பகுதி படும் இடத்தில் பளபளப்பு மங்கும். தோலின் சூடும் வியர்வையும் லக்கரைச் சற்றே இளக்கிக்கொண்டிருக்க, அந்த இளகிய மேற்பரப்பைக் கை ஒவ்வொரு அசைவிலும் இழைத்துக்கொண்டிருக்கும். பிறகு விளிம்பில் கறுப்பு மெலிந்து பழுப்பாகும். ஒருநாள் அதன் கீழிருந்து மஞ்சள் எட்டிப்பார்க்கும். மஞ்சளும் போனபின் மரம். விளிம்பிலிருந்து உள்ளே போகப் போக இந்த நிறங்கள் வரிவரியாக, ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து மாறுவதை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பார்க்கலாம். எங்கள் ஊர்களில் மேடையில் மின்விசிறி இருந்தாலும் வாசிப்பவருக்கு வியர்க்காமல் இருப்பதில்லை. குளிர் நாட்டில் இருபது வருடத்தில் நடப்பது இங்கே அதற்கு முன்பே நடந்துவிடுவதில் வியப்பில்லை.

கை படும் ஓரத்தை வைத்து வாசித்தவரின் பாணியையும் ஓரளவு ஊகிக்கலாம். பைலாவுக்குத் தாளக்கட்டு விடாமல் வேகமாக வீசி வாசிப்பவரின் பிக்கும் (தந்தியை மீட்டும் சிறு தகடு) நகமும் பிளாஸ்டிக் தகட்டின் எல்லையைத் தாண்டிப்போய் மரத்தைக் கீறியிருக்கும். தனித்தனி ஸ்வரமாக மெலடி வாசித்தவரின் கிற்றாரில் கீறல்கள் தந்திகளின் கீழே அவற்றின் அசைவை மின்குறிப்பாக மாற்றும் பிக்அப்களை ஒட்டியே நின்றுவிடும். பின்பக்கத்துக் கீறல்கள் இடுப்புப்பட்டியின் கொக்கியால் வந்தவை. மேடைக்குக் காற்சட்டையும் பெல்ட்டும் அணிந்து போனவரென்றால் அங்கே வட்டமாக ஒரு பகுதியே சுரண்டுப்பட்டிருக்கும். வீட்டில் சாரத்துடன் இருந்து வாசித்தவரின் கிற்றாரில் அதே இடம் இன்றும் முகம் தெரியப் பளபளக்கும். உங்கள் பெரியப்பா மேடைக்காரர் என்று நீங்கள் எழுதியிராவிட்டாலும் அந்தப் பின்பக்கம் சொல்லியிருக்கும்.

மரம் கறுத்திருப்பது உக்கல் அல்ல. பூச்சுப் போன இடத்தில் வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் மர நரம்புகளுக்குள் இறங்கிப் படிந்த நிறம் அது. விரல்நகத்தால் அழுத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்து மாவு போல உதிராவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கறுப்பை வெளுக்க முயல வேண்டாம். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வெறும் மரம் தெரியும் இடத்தில் ஈரத்துணி வேண்டாம். பூச்சின் விளிம்பு எங்காவது மேலெழும்பிப் பெயர்ந்து நின்றால், அந்த இடத்தில் மட்டும் ஒரு துளி லக்கர் விட்டு ஒட்டவைக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். திருகாணிகளும் தந்தி தாங்கும் இரும்புப் பகுதிகளும் துருப்பிடித்திருந்தால் அவற்றைக் கவனிப்பது பூச்சைக் கவனிப்பதை விட அவசரமானது. கல்லடியில் கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்க, இரும்புக்கு ஓய்வில்லை. ஓடாவியாருக்கு வேலை கொடுக்க வேண்டுமென்று தோன்றினால் அதை வைக்க ஒரு நல்ல மரப்பெட்டி செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் வாங்கிய பழைய கிற்றாரை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டில் மாதக்கணக்கில் வைத்திருந்தோம். ரப்பர் பட்ட இடங்களில் பூச்சு பிசுபிசுத்துக் குழிந்துவிட்டது. இன்னொரு நாள் நுளம்புக்குப் பூசும் கிரீமைக் கையில் தடவிக்கொண்டு வாசித்ததில் கைரேகை அப்படியே பதிந்து நிற்கிறது. பூச்சுப் போலியா? (கல்முனை வாசகி)

போலியாக இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, அம்மா. இவை இரண்டும் நைட்ரோ லக்கருக்கு நேரும் விபத்துகள்.

லக்கர் வெடிக்காமல் வளைந்துகொடுப்பதற்காக அதில் மென்மையாக்கும் பொருட்கள் கலக்கப்படுகின்றன. ரப்பரிலும் வினைல் பிளாஸ்டிக்கிலும் அதே வகைப் பொருட்கள் உண்டு. இரண்டும் நீண்டகாலம் ஒட்டிக் கிடந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்கு அவை நகர்ந்து லக்கரை இளக்கிவிடும். வினைல் வாரைக் கழற்றாமல் பெட்டிக்குள் சுருட்டி வைப்பதாலும், சில வகை மெத்தைப் பஞ்சு உடலில் பட்டுக் கிடப்பதாலும் இதேதான் நிகழும். ஸ்டாண்டின் கைகளில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும்.

நுளம்புக் கிரீம் இன்னும் கொடியது. அவற்றில் பலவற்றில் உள்ள டீட் என்ற இரசாயனம் லக்கரையும் சில பிளாஸ்டிக் வகைகளையும் நேரடியாகக் கரைக்கும். மாலையில் வெளித்திண்ணையில் இருந்து வாசிப்பவர்களுக்கு எங்கள் பகுதியில் நுளம்பு ஒரு மெய்யான பிரச்சினை என்பதை அறிவேன். ஆனாலும் கிரீம் பூசிய கையுடன் கிற்றாரைத் தொட வேண்டாம். முழுக்கைச் சேட் போட்டுக்கொண்டோ நுளம்புச்சுருள் கொளுத்தியோ வாசிக்கலாம். மதுசாரம் கலந்த கைத்தொற்று நீக்கியும் லக்கரை மங்கச் செய்யும்; அது முற்றாக உலரும் வரை பொறுக்க வேண்டும்.

பதிந்த ரேகையைத் தின்னர் கொண்டு துடைக்கப் போகாதீர்கள். அந்த இடத்தை எதுவும் படாமல் சில வாரங்கள் விட்டால் ஓரளவு மறுபடி இறுகும். அதன்பின் அது கண்ணை உறுத்தினால் மெருகிடத் தெரிந்தவர் மேற்பரப்பை மட்டும் சமப்படுத்தலாம். இல்லாவிட்டால் அதுவும் ஒரு கைரேகை என்று விட்டுவிடலாம், மகனுடையதுதானே.

கேள்வி: வெள்ளையாக இருந்த கிற்றார் ஏன் வெண்ணெய் நிறமாகிறது? நீலம் பச்சையாகிறது என்றும் நண்பர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (அக்கரைப்பற்று வாசகர்)

நம்பலாம். நைட்ரோ லக்கர் ஒளியாலும் காலத்தாலும் மஞ்சளிக்கிறது. நிறப்பூச்சின் மேல் கண்ணாடி போல இட்ட நிறமற்ற லக்கர் மஞ்சளாகும்போது, வெள்ளை வெண்ணெய் நிறமாகத் தெரியும், நீலம் மஞ்சளுடன் கலந்து பச்சையாகத் தெரியும். ஃபெண்டர் நிறுவனம் அறுபதுகளில் பயன்படுத்திய பிரத்தியேக நிறங்கள் பல அக்கால அமெரிக்கக் கார்களின் நிறங்களே. லேக் பிளாசிட் புளூ என்ற நீலம் 1958ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களிலும், ஃபியஸ்டா ரெட் என்ற சிவப்பு 1956ஆம் ஆண்டு ஃபோர்ட் தண்டர்பேர்ட்டிலும் வந்தவை. அந்த நீலக் கிற்றார்களில் ஒரு வேடிக்கை உண்டு. கை உரசி மேல் லக்கர் போன இடத்தில் மட்டும் பழைய நீலம் தெளிவாகத் திரும்பி வரும். உரசாத இடமெல்லாம் பச்சையாக நிற்கும். பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினால் ஒளி படாத பகுதியில் தொழிற்சாலையில் அடித்த நிறத்துக்கு மிக நெருங்கிய நிறத்தைக் காணலாம்.

சிவப்புக்கு வேறு குறை. 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த லெஸ் போல் கிற்றார்களிலும், 1958இல் ஃபெண்டர் மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்ற மூவண்ணத்துக்கு மாறிய முதற்காலத்துக் கிற்றார்களிலும் பயன்பட்ட சிவப்புச் சாயம் வெயிலுக்கு வெளிறும் தன்மை கொண்டது. சன்னலோரம் தொங்கவிட்டிருந்த கிற்றாரில் சிவப்பே இல்லாமல் போய், தேன் நிறமும் தேயிலை நிறமும் மிஞ்சியிருக்கும். விந்தை என்னவென்றால் சந்தையில் அந்த வெளிறிய நிறங்களையே தேடி வாங்குகிறார்கள். பொன்னிற லெஸ் போல் கிற்றார்களிலோ பொன் இல்லை. செம்பு கலந்த வெண்கலத் தூளை லக்கரில் கலந்து அடித்த நிறம் அது. மேல் லக்கர் தேய்ந்து வியர்வை அந்தத் தூளைத் தொட்டதும், குத்துவிளக்கின் இடுக்கில் களிம்பு பிடிப்பதைப் போல் கைபடும் ஓரம் பச்சை பிடிக்கும்.

கேள்வி: அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்கு வந்த வெளிநாட்டவர் ஒருவர் 1962ஆம் ஆண்டுக்குரியது என்று சொல்லி நன்றாகத் தேய்ந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை விற்க விரும்புகிறார். தேய்மானத்தைப் பார்த்தால் உண்மையென்றே தோன்றுகிறது. எப்படி உறுதிப்படுத்துவது? (பொத்துவில் வாசகர்)

தேய்மானம் இன்று தொழிற்சாலையிலேயே கிடைக்கிறது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். 1995இல் ஃபெண்டரின் தனிப்பட்டறை, புதிய கிற்றார்களைப் பழையவை போலத் தேய்த்து விற்கத் தொடங்கியது. 2021இல் கிப்சன் இதற்கென்றே தனிப் பிரிவு ஒன்றை அறிவித்தது. அவற்றை அவர்கள் வெளிப்படையாகவே விற்கிறார்கள். அதில் ஏமாற்று இல்லை. கை மாறிக் கை மாறி வரும்போதுதான் பொய் ஏறுகிறது.

உண்மைத் தேய்மானத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் கிற்றாரின் எல்லாப் பாகங்களிலும் ஒரே கதையைச் சொல்லும். கை படும் ஓரம் மரம் வரை போயிருக்கும் கிற்றாரில், தந்தி அழுத்தும் உலோகக் கட்டைகள் புதிதுபோல் உயர்ந்து நின்றால் அவை மாற்றப்பட்டவையாக இருக்க வேண்டும், அல்லது கதை பொய்யாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் தகட்டில் பிக் கீறல் இல்லாமல் பக்கத்து மரத்தில் மட்டும் இருப்பதும், கழுத்தின் பின்பக்கம் பெருவிரல் படும் இடத்தில் பளபளப்பு மாறாமல் உடல் மட்டும் கிழடுதட்டி இருப்பதும் சந்தேகத்துக்கு உரியவை.

அடுத்துத் தேய்ந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கை தேய்த்த விளிம்பு மழுங்கி, படலம் படலமாக மெலிந்து மரத்தில் கலக்கும். அரத்தாள் தேய்த்த விளிம்பில் ஒரே திசையில் ஓடும் நுண்ணிய கோடுகள் தெரியும். பூச்சு திடீரென்று நின்று மரம் வெளிறித் துப்புரவாகத் தொடங்கும். பழைய அடிபட்ட குழிகளின் அடியில் அழுக்கு இறுகியிருக்கும். மெல்லிய வெடிப்புக் கோடுகள் எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில், அளவுகோல் வைத்ததுபோல் இருந்தால் அவை சவர அலகால் கீறப்பட்டவையாக இருக்கலாம்.

பலர் அறியாத அடையாளம் ஒன்று உண்டு. அக்காலத்தில் ஃபெண்டர் தொழிற்சாலையில் பூச்சு அடிக்கும்போதும் காயும்போதும் உடல் மேசையில் படாதிருக்கச் சிறு ஆணிகளை அடித்துத் தாங்கவைப்பார்கள். வேலை முடிந்தபின் ஆணியைப் பிடுங்குவார்கள். ஆகவே தகட்டின் கீழ் மறைந்திருக்கும் அந்தச் சிறு துளைகளுக்குள் வெறும் மரமே இருக்க வேண்டும். துளைக்குள் நிறப்பூச்சு இறங்கியிருந்தால் பின்னாளில் யாரோ மறுபூச்சு இட்டிருக்கிறார்கள். துளையே இல்லையென்றால் 1962 என்ற பேச்சுக்கு இடமில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதாக்கதிர் விளக்கு கிடைத்தால் இருட்டறையில் அதையும் பிடித்துப் பாருங்கள். பழைய நைட்ரோ லக்கர் பச்சை சார்ந்த மஞ்சளாக மங்கி ஒளிரும். பின்னர் தொட்டுப் பூசிய இடங்கள் வேறு நிறத்தில் தனியே தெரியும்.

உண்மையான தேய்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயர்லாந்தின் ரோரி கலஹர் வாசித்த கிற்றாரை உதாரணம் காட்டுவது வழக்கம். 1961இல் செய்யப்பட்ட அந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை அவர் 1963இல் கோர்க் நகரில் பழையதாக வாங்கினார். கல்லடி வாசகரின் கிற்றாரைப் போல அதுவும் மூவண்ணக் கிற்றார்தான்; ஆனால் அவரது கடைசிக் காலத்தில் முன்பக்கத்தில் நிறம் திட்டுத்திட்டாக மட்டுமே மிஞ்சியிருந்தது. வியர்வையே அதற்குப் பெருங்காரணம் என்பார்கள். அந்தத் தோற்றத்தை இன்று பிரதி எடுத்து விற்கிறார்கள் என்பதும் உங்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும்.

விற்பவர் திருகாணியைத் தொட விடமாட்டேன் என்றால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: சென்ற வருடம் வாங்கிய என் கிற்றாரை நாள்தோறும் பல மணிநேரம் வாசிக்கிறேன். இன்னும் எந்தத் தேய்மானமும் தெரியவில்லை. எவ்வளவு காலம் செல்லும்? (வாழைச்சேனை மாணவர்)

உங்கள் வாழ்நாளிலும் மரம் தெரியாமல் போகலாம், தம்பி. ஃபெண்டரே 1968ஐ ஒட்டி நைட்ரோவிலிருந்து தடித்த பொலியெஸ்டர் பூச்சுக்கு மாறிவிட்டது. இன்று விலை குறைந்த, நடுத்தரக் கிற்றார்களில் வருபவை பெரும்பாலும் பொலியெஸ்டர் அல்லது பொலியூரித்தேன். அவை இரசாயன மாற்றத்தால் இறுகுபவை. கரைப்பானுக்கும் வியர்வைக்கும் அசையாதவை. தேய்வதற்குப் பதிலாக அடிபட்டால் சில்லாகப் பெயரும். அரத்தாளை எடுத்து நீங்களே தேய்க்கலாமா என்று கடிதத்தின் கீழே சிறிய எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். கிற்றார் உங்களுடையது, ஆனால் அந்த நேரத்தையும் வாசிப்பில் போட்டால் கை திருந்தும்.

எந்தப் பூச்சு என்று அறிய விரும்பும் மற்றவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். நகப்பூச்சு அகற்றும் அசற்றோனைப் பஞ்சு முனையில் ஒரு துளி தொட்டு, தகட்டின் அடியில் வெளியே தெரியாத இடத்தில் வையுங்கள். பூச்சு ஒட்டிப் பஞ்சில் நிறம் ஏறினால் அது லக்கர். ஒன்றும் ஆகாவிட்டால் பொலி வகை. வெளிப்புறத்தில் இதைச் செய்யவே கூடாது.

கேள்வி: நுவரெலியாவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போய் வந்தபின் என் பழைய கிப்சனின் முகத்தில் குறுக்காக மயிர்க்கோடுகள் தோன்றியுள்ளன. மரம் வெடித்துவிட்டதா? (புளியந்தீவு வாசகர்)

மரம் வெடிக்கவில்லை, லக்கர் வெடித்திருக்கிறது. வயதான லக்கரில் மென்மையாக்கும் பொருள் ஆவியாகிக் குறைந்து, அது விறைத்துப்போயிருக்கும். குளிரில் லக்கர் மரத்தை விட வேகமாகவும் அதிகமாகவும் சுருங்கும். இழுவை தாங்காத இடத்தில் கோடாகப் பிளக்கும். கீழ்நாட்டு வெக்கைக்குப் பழகிய கிற்றாரை நுவரெலியா இரவில் பெட்டியிலிருந்து உடனே வெளியே எடுத்தது காரணமாயிருக்கும். போன இடத்தில் பெட்டியைத் திறக்காமல் சில மணிநேரம் வைத்து, உள்ளே மெதுவாகக் குளிர விடுவதே பாதுகாப்பு. குளிரூட்டிய வாகனத்திலிருந்து மட்டக்களப்பு மதிய வெயிலுக்கு இறக்கும்போதும் அப்படியே.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது காற்றின் ஈரம் சட்டென்று இறங்குவதால், மரம் சுருங்கிக் கழுத்தின் ஓரத்தில் உலோகக் கட்டைகளின் நுனி கையில் குத்தத் தொடங்குவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். பழைய லக்கருக்கும் அது நல்ல காலமல்ல. பெட்டியிலேயே வையுங்கள். ஏற்கெனவே விழுந்த கோடுகளை அழிக்கும் வழி தேட வேண்டாம். ஒளியில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அவற்றால் வாசிப்புக்கு எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: பூச்சுத் தேய்ந்தால் ஒலி நன்றாகும் என்று சொல்கிறார்களே? (திருக்கோவில் வாசகர்)

திட உடல் மின்கிற்றாரில் பிக்அப் எடுப்பது தந்தியின் அசைவை. மேற்பூச்சு தேய்ந்ததால் மட்டும் காதுக்குத் தெரியும் மாற்றம் வரும் என்று நான் நம்பவில்லை. நைட்ரோ பூசிய மரம் ‘மூச்சு விடுகிறது’ என்ற பேச்சையும் விற்பனைப் பேச்சாகவே கருதுகிறேன். கழுத்தின் பின்பக்கம் மட்டும் விதிவிலக்கு: அங்கே பூச்சுப் போனபின் வியர்த்த கை ஒட்டாமல் வழுக்கிச் செல்லும். அது ஒலியல்ல, வசதி. உள்ளீடற்ற உடல் கொண்ட கிற்றார்களின் கதை வேறு. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கி இன்றுவரை வாசிக்கும் நைலோன் தந்தி மார்ட்டின் கிற்றாரில், விரலும் பிக்கும் உரசி ஒலித்துளைக்குக் கீழே மரத்திலேயே இன்னொரு துளை விழுந்துவிட்டது. நைலோன் தந்திக் கிற்றார்களில் பாதுகாப்புத் தகடு வைப்பதில்லை என்பதே அதற்கு முதற்காரணம்.

கேள்வி: மேப்பிள் கழுத்துக் கொண்ட என் பழைய கிற்றாரில் விரல் அழுத்தும் இடங்களில் லக்கர் போய், மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. மார்கழி விடுமுறையில் கார் பெயின்ற் அடிக்கும் கராஜில் கொடுத்து லக்கர் அடிக்க எண்ணியுள்ளேன். (களுவாஞ்சிகுடி வாசகர்)

சாம்பல் நிறத் திட்டுகள் முதல் மூன்று கட்டைகளிலும் பன்னிரண்டாவதை ஒட்டியும் அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதிகம் நிற்கும் இடங்கள் அவை. மரம் கெட்டியாக இருந்து, விரலுக்கு நார் தட்டாமல் வழுவழுப்பாக இருந்தால் அப்படியே விடுங்கள். நார் எழும்பிக் குழி விழத் தொடங்கியிருந்தால் மட்டும் மறுபூச்சு நியாயம். உங்கள் கிற்றார் எழுபதுகளுக்குரிய ஃபெண்டர் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அக்காலத்தில் கழுத்தைப் பொலி வகையாலும், தலைப்பகுதியின் முகத்தை மட்டும் லக்கராலும் பூசினார்கள். தலை முகம் தேன் நிறமாகவும் கழுத்து வெளிறியும் இருப்பது அதனால்தான். லக்கர் அடிக்க வேண்டிய இடம் எது என்று தெரியாமல் கராஜில் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

எப்படியானாலும் மார்கழி வேண்டாம். மாரிமழையின் ஈரக்காற்றில் லக்கர் தூவும்போது கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு பால் வார்த்ததுபோல் வெளிறிவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்து சமாளிப்பார்கள். ஆனாலும் மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் அது கைகொடுப்பது அரிது. பங்குனி, சித்திரையில் மழை விட்டு, காற்றில் தூசி கிளம்பாத காலை நேரம் பாருங்கள். உலோகக் கட்டைகளை மூடி ஒட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலையிலும் அவற்றின் மேலேயே தூவிவிட்டுப் பிறகு கட்டைகளின் தலையைச் சுரண்டித் துப்புரவாக்கினார்கள். கராஜ்காரரிடம் இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லுங்கள்: காருக்கு அடிப்பதைவிட மிக மெல்லிதாகப் பல முறை அடிக்க வேண்டும்; கடைசிப் பூச்சுக்குப் பிறகு சில வாரங்கள் தொங்கவிட்டுக் காயவிட வேண்டும், மறுநாளே தந்தி பூட்டக் கூடாது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தால் அடுப்படிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். நைட்ரோ லக்கரின் ஆவி ஒரு தீப்பொறிக்குக் காத்திருப்பது.

விரல் அழுத்தும் பலகை ரோஸ்வுட் மரத்தாலான கழுத்துகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: ரோஸ்வுட் பலகையில் லக்கர் இல்லை, ஆகவே அங்கே இந்தப் பிரச்சினையும் இல்லை. அதன் வறட்சிக்கு எண்ணெய் பூசுவது பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.